கெம்பிக்குச் சளி பிடித்த மார்கழி

அன்று காலையில் கெம்பி திரும்பிப் பார்க்கவில்லை.

மற்ற நாட்களில் நான் கொல்லைக் கதவின் தாழை நீக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். கொட்டகைக்குள்ளிருந்து தொண்டையில் உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். என் கையில் கொள்ளுச் சட்டி இருக்கிறதா என்று பார்க்கத் தடுப்புக் கட்டைக்கு மேலே கழுத்தை நீட்டுவாள். அன்று சட்டியை மூக்குக்கு நேரே கொண்டுபோய் வைத்தேன். கொள்ளில் ஆவி பறந்தது. அவள் சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

மாரண்டஹள்ளியின் மார்கழிப் பனி கொட்டகைக்குள்ளும் புகை மாதிரி நின்றிருந்தது. கிட்டே போய் அவள் முகத்தைத் திருப்பினேன். இரண்டு மூக்குத் துளையிலும் மஞ்சளாகச் சளி கட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தேன். காதின் அடியைத் தொட்டால் கொதித்தது. அப்படியே கையை இறக்கித் தாடைக்கு அடியில் வைத்தேன். இரண்டு எலும்புக்கும் நடுவே எலுமிச்சம்பழம் அளவில் ஏதோ ஒன்று விரலில் தட்டியது. லேசாக அழுத்தியதும் தலையை உதறிக்கொண்டு பின்னால் போனாள். அவள் என்னை விட்டு விலகியது அதுதான் முதல் தடவை.

குதிரை எங்கள் வீட்டுக்கு வந்தது

போன வாரம், மாற்றலாகி மாரண்டஹள்ளிக்கு வந்து இறங்கியதைப் பற்றி எழுதியிருந்தேன். சாமான் ஏற்றிய மாட்டு வண்டியைச் சொன்னேனே தவிர, பின்னாலேயே நடந்து வந்த குதிரையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவளைப் பற்றி ஒரு வரியில் எழுத மனம் வரவில்லை.

இந்தத் தொடரில் ‘இவர்’ என்று நான் எழுதுவதெல்லாம் என் கணவரைத்தான். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் உத்தியோகம். தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பயிரைப் பார்க்கவும் எல்லைத் தகராறு தீர்க்கவும் வேண்டிய உத்தியோகம் என்பதால் குதிரை இருந்தே ஆக வேண்டும். அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம் வேறு. ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயிலையும் நிறுத்தி, தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பஸ் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடியது. மேட்டில் ஏறும்போது ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். பெட்டமுகிலாளம் மலைப் பக்கம் போக அந்த பஸ்ஸும் கிடையாது.

கெம்பி ஓசூர்ப் பக்கத்திலிருந்து வாங்கிய பெண் குதிரை. உயரம் மட்டம்தான். நன்றாகக் காய்ந்த செங்கல் நிறம். எங்கள் குதிரைக்காரர் சென்னப்பா கன்னடம் பேசுகிறவர். சிவப்பாக இருந்ததால் அவர் ‘கெம்பி’ என்று கூப்பிட்டார். அதுவே பெயராக நின்றுவிட்டது. இவர் மட்டும் கடைசிவரை ‘குதிரை’ என்றுதான் சொன்னார்.

இவர் அப்படித்தான். பேச்சை அளந்து பேசுவார். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் எங்களுக்குள் பேசிக்கொள்ள அதிகம் இருக்கவில்லை. “சாப்பாடு ஆச்சா?” “ஆச்சுங்க.” “நாளைக்கு வர மாட்டேன்.” “சரிங்க.” இவ்வளவுதான். கோபக்காரர் இல்லை. வெளியிலிருந்து வரும்போதே சட்டப் புத்தகத்தையும் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வருகிற மனிதர் என்று நான் நினைத்துக்கொள்வேன். சேலம் டவுனில் அண்ணன் தம்பிகளோடு கத்தி விளையாடி வளர்ந்த எனக்கு அந்த வீட்டின் அமைதி காதை அடைத்தது.

சென்னப்பா போன பிறகு

ஐப்பசி மழை விட்டதும் சென்னப்பா பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். மலைக்காட்டில் சாமான் சுமக்கும் கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுத்தார்களாம். போகிற அன்று கெம்பியின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். “சளிகாலம் பருதம்மா, நோடிக்கோங்க” என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டுப் போனார். குளிர்காலம் வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

வேறு ஆள் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் இவரே பார்த்துக்கொண்டார். ஒருநாள் மலையிலிருந்து திரும்பியவர், விறைத்துப்போன விரலால் சேணத்தின் வாரை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். குதிரையின் உடம்பிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நான் விளக்கேற்ற வந்தவள், அந்தப் பக்கமாகப் போய் வாரை அவிழ்த்தேன்.

“ஒதைச்சிடும், தள்ளி நில்லு” என்றார்.

“நாளையிலிருந்து நானே பாத்துக்கறனுங்க.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பயமா இல்லையா?” என்று கேட்டார்.

“இருக்குதுங்க.”

அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

குளிர்காலத்தில் குதிரையைப் பராமரிப்பது தனி வேலை. வேர்த்து வந்த குதிரைக்கு உடனே சேணத்தைக் கழற்றக் கூடாது. முதுகில் குளிர் அடித்துவிடும். வாரை மட்டும் தளர்த்திவிட்டு, மூச்சு அடங்குகிறவரை மெதுவாக நடத்த வேண்டும். பிறகு வைக்கோலைப் பிரியாக முறுக்கி, முடி போகிற போக்கிலும் எதிர்ப்போக்கிலும் ஈரம் வற்றும்வரை தேய்க்க வேண்டும். காதுகளைக் கைக்குள் பொத்தி, சூடு ஏறுகிறவரை உருவிவிட வேண்டும். அதற்கப்புறம்தான் கம்பளி.

காலையில் இரும்புப் பல் வைத்த தேய்ப்பானால் காய்ந்த சேற்றை உதிர்ப்பேன். அதை முதுகுச் சதையிலும் பின்தொடையிலும் மட்டும்தான் ஓட்டலாம். காலில் எலும்பு மேலே பட்டால் துடித்துப்போவாள். அப்புறம் நார்த் தூரிகை, கடைசியில் துணி. பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டுவது மார்கழியிலும் தையிலும் கிடையாது. கண்ணையும் மூக்கையும் மட்டும் வெந்நீர்த் துணியால் துடைப்பேன். குளம்பைத் தூக்கி மடியில் வைத்து, லாடத்துக்குள் சிக்கிய கல்லையும் மண்ணையும் கொக்கியால் எடுப்பேன். குடிக்கிற தண்ணீரை விடிந்ததும் கிணற்றிலிருந்து இறைத்த சூட்டோடு கொடுத்துவிட வேண்டும். ஆழக் கிணற்றுத் தண்ணீர் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. படுக்கைக்குக் கரும்புச் சோகையைக் கணுக்கால் மறையப் பரப்புவேன்.

ஒரு தடவை என் தாய்மாமா சேலத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குளம்பை மடியில் வைத்துக் குனிந்திருந்தேன். பார்த்தவர் பையைக் கீழே வைக்காமலேயே, “ஏம்மா, உன்னை ரெவின்யூ ஆபீசருக்குக் குடுத்தமா, லாடம் கட்டறவனுக்குக் குடுத்தமா?” என்று கேட்டார். கெம்பி அந்த நேரம் பார்த்து வாலை வீசினாள். மாமாவின் சரிகை அங்கவஸ்திரம் சோகைக்குள் போய் விழுந்தது. அவர் இருந்த இரண்டு நாளும் கொல்லைப் பக்கமே வரவில்லை.

ஊரிலும் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். காலை நேரத்தில் அந்தக் கழுத்தில் கன்னத்தை வைத்தால் வரும் சூடு எனக்குப் போதுமாக இருந்தது. இவருக்கும் எனக்கும் பேச்சு பிறந்ததும் அந்தக் கொட்டகையில்தான். “இன்னிக்கு இடது முன்னங்காலைக் கொஞ்சம் தாங்குச்சு” என்பார். நான் குளம்பைப் பார்த்துவிட்டு, “கல்லு குத்தியிருக்குதுங்க” என்பேன். அதிலிருந்து எந்த ஊர்ப் பாதை, அங்கே என்ன பார்த்தார், யார் என்ன சொன்னார் என்று பேச்சு வளரும்.

கெம்பியின் தாடையில் அந்தக் கட்டி தட்டியபோது எனக்கு ஏன் அவ்வளவு பயம் வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

“இது அந்த நோயிங்க”

கிணற்றடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. ஊரில் இருந்த ஜட்கா குதிரைகளும் எங்கள் குதிரையும் அங்கேதான் தண்ணீர் குடிக்கும். நான் தண்ணீர் இறைக்கப் போனபோது மாதையன் தன் குதிரையோடு நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். மாரண்டஹள்ளிக்கும் பாலக்கோட்டுக்கும் ஜட்கா ஓட்டுகிறவர். பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. அவருடைய வெள்ளைக் குதிரைக்கு ராசா என்று பெயர். வயதான குதிரை, ஆனாலும் பித்தளைக் குமிழ் வைத்த நெற்றிப்பட்டையும் கழுத்தில் நீலமணியுமாகத்தான் தெருவில் வரும். அவர் சாப்பிடாமல் இருந்தாலும் இருப்பார், ராசாவின் கொள்ளில் ஒரு பிடி குறையாது.

அவரிடம்தான் சொன்னேன். “கெம்பிக்கு மூக்குல சளிங்க. தாடைக்கடியில கட்டி.”

அவர் கையிலிருந்த கயிறு நழுவியது. வந்து கொட்டகை வாசலிலேயே நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை.

“அம்மா, கிட்டப் போவாதீங்க. இது அந்த நோயிங்க. சேலத்துல ஜட்கா ஸ்டாண்டுல பாத்திருக்கறேன். மூக்குல இப்படித்தான் ஒழுவும். வரிசையா நிக்க வெச்சுச் சுட்டாங்க. குதிரைய மட்டுமில்லீங்க, அதப் பாத்துக்கிட்ட ஆளும் செத்துப் போனான்.”

“வெறும் சளியா இருக்குமுங்க. பனி அதிகமில்லையா.”

“பனிக்குக் கட்டி வருமுங்களா? ஐயாகிட்டச் சொல்லிச் சுட்டுருங்க. எங்க குதிரைங்களுக்கு வந்துட்டா நாங்க சோத்துக்கு எங்க போவோம்?”

சொல்லிவிட்டு ராசாவை இழுத்துக்கொண்டு போனார். அன்று மத்தியானமே கிணற்றடியில் என்னைப் பார்த்ததும் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள்.

சாயந்திரம் இவர் வந்தார். பஞ்சப்பள்ளிப் பக்கத்தில் வேலை என்று முந்தின நாளே யாரோடோ வண்டியில் போயிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“தருமபுரிக்கு மாட்டு டாக்டருக்குத் தகவல் அனுப்பணும்” என்றார்.

“அனுப்புனா என்ன பண்ணுவாங்க?”

“பரிசோதனை பண்ணுவாங்க. அந்த நோய்னு தெரிஞ்சா சுட்டுத்தான் ஆகணும். சட்டம் அப்படி.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் குரல் உயர்த்தாதவள், “நம்ம வூட்டுல இருக்கற ஜீவனை நீங்களே காட்டிக் குடுப்பீங்களா? நாலு நாள் பொறுத்துப் பாக்கக் கூடாதுங்களா? நான் வெளிய விடாம பாத்துக்கறேன். யாருக்குங்க தெரியும்?” என்று கத்திவிட்டேன்.

“ஊருக்கே தெரியும்.”

“தெரியலைன்னா அனுப்ப மாட்டீங்களா?”

அவர் யோசித்தார். பொய் சொல்ல நேரம் இருந்தது. “தெரியலைன்னாலும் அனுப்புவேன்” என்றார். “ஊர்ல ஆறேழு குதிரை இருக்கு, கமலா. அதுங்களை நம்பி ஆறேழு குடும்பம் இருக்கு. அதெல்லாம் போகட்டும். அந்த நோய் மனுஷருக்கு வந்தா மருந்தே இல்லையாம். காலையிலிருந்து நீதான் அது மூக்கைத் துடைச்சிருக்கே.”

அந்தக் கடைசி வார்த்தை என்னைப் பற்றியது. நான் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

வெந்நீர், நொச்சி, கேழ்வரகுக் களி

டாக்டர் வரும்வரை கொட்டகைக்குள் போகக் கூடாது என்று இவர் சொன்னார். மறுநாள் விடிந்ததும் நான் போனேன்.

கம்பளிக்கு மேலே இன்னொரு கம்பளி போட்டு, வயிற்றுக்கடியில் கயிற்றால் கட்டினேன். வாளியில் கொதிநீர் ஊற்றி நொச்சித் தழையைப் போட்டு, கோணியால் மூடி அவள் மூக்குக்குக் கீழே பிடித்தேன். முதலில் பயந்தாள். பிறகு அந்தச் சூடு பிடித்துப்போய், கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். சளி கயிறு கயிறாக இறங்கியது. கட்டிக்குக் கேழ்வரகுக் களியைச் சுடச்சுடக் கிளறி, மஞ்சள் சேர்த்து, துணியில் வைத்துப் பற்றுப் போட்டேன். நான்கு கால்களுக்கும் பழைய புடவையைக் கிழித்துச் சுற்றினேன். கஞ்சியை ஒரு வாய் குடித்தாள். முழுங்கும்போது வலித்திருக்க வேண்டும். பாதி மூக்கு வழியாகவே வந்துவிட்டது.

வாசலில் நிழல் விழுந்தது. இவர் நின்றிருந்தார். அன்று வேலைக்குப் போகவில்லை.

“உன்னை வெளிய கூப்பிடத்தான் வந்தேன்” என்றார்.

“வர மாட்டனுங்க.”

உள்ளே வந்தார். பிறகு மேல்துண்டை எடுத்து என் மூக்கும் வாயும் மறைகிற மாதிரி பின்னால் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டார். “கையில எங்கியாவது காயம் இருக்கா, காட்டு” என்று இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் கையிலிருந்த வாளியை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அவர் மேல் கோபம் எனக்குத் தீரவில்லை. ஆனால் களியைக் கிளற அடுப்படிக்கும் கொட்டகைக்குமாக நடந்தபோதெல்லாம், திரும்பி வருகையில் அவர் அங்கே இருப்பார் என்பது தெரிந்தது. தெரிந்திருந்தது நன்றாக இருந்தது.

டாக்டரின் ஊசி

கால்நடை டாக்டர் கரி பஸ்ஸில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் கரி. வயது குறைவுதான், பொறுமையான மனிதர். கெம்பியின் மூக்குக்குள் பார்த்தார், கட்டியைத் தொட்டார்.

“இளங்குதிரைங்களுக்கு வர்ற தொண்டைக் கட்டியாவும் இருக்கலாம். அதுன்னா கட்டி பழுத்து உடைஞ்சு சரியாயிடும். மத்ததுன்னா ஒண்ணும் செய்யறதுக்கில்லை. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும். ஊசி போட்டாத்தான் தெரியும்” என்றார்.

கீழ் இமைக்குள் ஒரு மருந்தை ஊசியால் ஏற்றுவார்களாம். நோய் இருந்தால் இரண்டு நாளில் அந்தக் கண் வீங்கி மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. நான் கெம்பியின் காதைப் பிடித்துக்கொள்ள, இவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் ஊசி போட்டார். அவள் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. அவ்வளவுதான்.

கருவியை வெந்நீரில் கழுவிக்கொண்டே டாக்டர், “ஒரே தொட்டியில தண்ணி குடிக்கற குதிரைங்க எத்தனை இருக்கு?” என்று கேட்டார். இவர் எல்லாக் குதிரைகளையும் சொன்னார். எல்லாவற்றையும் எங்கள் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி ஆள் போனது.

மாதையன் ராசாவைக் கொண்டுவரும்போதே சத்தம் போட்டுக்கொண்டுதான் வந்தார். “எம்பட குதிரைக்கு எதுக்குங்க ஊசி? அதுக்கு ஒரு கொறையும் இல்ல. சளி இல்ல, இருமல் இல்ல. நேத்துக்கூடப் பாலக்கோட்டுச் சந்தைக்குப் போய்ட்டு வந்திச்சு. நோவு வந்தது ஐயா வூட்டுக் குதிரைக்கு, தண்டனை எங்களுக்குங்களா?”

டாக்டர் தயங்கினார். கொண்டுவந்த மருந்தும் கொஞ்சம்தான் போலிருக்கிறது. “வயசான குதிரை. பாக்க நல்லாத்தான் இருக்கு. விட்டுடலாமா?” என்று இவரைக் கேட்டார்.

“எல்லாத்துக்கும் போட்டுடுங்க. ஒண்ணை விட்டா மத்தவங்களும் கேப்பாங்க” என்றார் இவர்.

டாக்டர் ராசாவைச் சுற்றி வந்தார். பின்னங்காலின் உட்பக்கம் இரண்டு மூன்று கட்டிகள், ஆறியும் ஆறாத புண்ணாக இருந்தன. “இது எத்தனை நாளா இருக்கு?”

“அது பனிக்கு வர்ற வெடிப்புங்க. வேப்பெண்ணெயும் மஞ்சளும் போட்டுக்கிட்டு வர்றேன். ஆறிடுமுங்க.”

டாக்டர் குனிந்து அந்தப் புண்ணை இன்னொரு தடவை பார்த்தார். ஊசியை எடுத்தார்.

கண் திறந்திருந்தது

இரண்டாம் நாள் காலையில் கதவைத் திறக்க எனக்குத் துணிவில்லை. இவர்தான் திறந்தார். உள்ளே போனவரிடமிருந்து சத்தமே வரவில்லை. பிறகு, “இங்க வந்து பாரு” என்றார்.

கெம்பியின் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி திறந்திருந்தன. நான் பற்றை மாற்றத் துணியை எடுத்ததும், கட்டி என் விரலிலேயே உடைந்தது. சீழ் மணிக்கட்டுவரை வழிந்தது. நாற்றம் தாங்க முடியாத நாற்றம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இவர் வெந்நீர் ஊற்ற ஊற்ற நான் புண்ணைக் கழுவினேன். கெம்பி ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு வாளிக்குள் தலையை விட்டாள். அவள் முழுங்குகிற சத்தத்தை இரண்டு பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

தெருவில் யாரோ ஓடி வந்தார்கள். மாதையன் வீட்டில் டாக்டர் இருக்கிறார், ஐயாவைக் கூப்பிடுகிறார் என்றார்கள். இவர் கையைத் துடைத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன்.

ராசாவின் ஊசி போட்ட கண் முழுசாக மூடியிருந்தது. கன்னம்வரை வீக்கம். மாதையன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்று எங்கள் கொட்டகை வாசலில் அவர் நின்ற தூரத்தில் இப்போது ஊரே நின்றது.

“ஈ கடிச்சிருக்குமுங்க” என்றார் டாக்டரிடம். “ராத்திரி ஈ இருந்திச்சு. இன்னொரு ஊசி போட்டுப் பாருங்க சாமி.”

டாக்டர் அடுத்த கண்ணுக்கும் போட்டார். அதற்கும் காத்திருந்தார்கள். அதுவும் மூடிக்கொண்டது.

ஊருக்கு வெளியே, ஏரிக்கரைக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். மாதையன் கடைசியாக ஒன்றுதான் கேட்டார்: “ஒருக்கா தேய்ச்சு விட்டுக்கறனுங்க.” தொடக் கூடாது என்பதுதான் சட்டம். டாக்டர் இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். மாதையனின் கையை டாக்டர் திருப்பிக் காயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, துணியை மூக்கில் கட்டச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

மாதையன் வைக்கோல் பிரி முறுக்கிக்கொண்டு ஆரம்பித்தார். அவசரமே படவில்லை. கழுத்து, தோள், முதுகு, வயிறு. நாலு குளம்பையும் தூக்கி மண் எடுத்தார். காதை உருவிவிட்டார். கண் தெரியாத ராசா அந்தக் கைக்குத் தகுந்த மாதிரி காலைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தது. பனி விலகி வெயில் வந்திருந்தது. அந்த வெள்ளை உடம்பு பளபளவென்று இருந்ததை நான் பார்த்தேன். அதற்குமேல் நிற்க முடியாமல் வந்துவிட்டேன். வெடிச் சத்தம் வீட்டுக்குள் இருந்தபோது கேட்டது. கெம்பி காதை நிமிர்த்தினாள்.

மணி, நெற்றிப்பட்டை, கம்பளி எல்லாவற்றையும் அதோடு போட்டுக் கொளுத்திவிட்டார்களாம்.

அதற்குப் பிறகு

எங்கள் வீட்டில் சந்தோஷப்பட முடியவில்லை. கெம்பி தேறினாள். மறுபடியும் ஊசி போட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. மற்ற ஜட்கா குதிரைகளிலும் ஒன்றிரண்டுக்குத் தொண்டைக் கட்டி வந்து உடைந்து போனது. மாதையனுக்குக் காய்ச்சல் வருகிறதா என்று டாக்டர் பல தடவை வந்து பார்த்தார். நல்லவேளை, வரவில்லை. ஆனால் மாதையன் இவரைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சந்துக்குள் போய்விடுவார்.

இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “நான் தகவல் அனுப்பாம இருந்திருந்தா நம்ம குதிரையும் பொழைச்சிருக்கும். அவன் குதிரையும் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கும். இல்லையா?” என்றார்.

என் வாயிலிருந்து வந்த அதே கேள்விதான். ஆனால் நான் ஏரிக்கரையில் நின்றவள். ராசாவின் புண்ணுக்குத் தானே எண்ணெய் போட்டு வந்ததாக மாதையன் சொன்னதைக் கேட்டவள்.

“மாதையன் இருந்திருக்க மாட்டாருங்க” என்றேன். “எத்தனை நாளா அந்தப் புண்ணைத் தொட்டுக்கிட்டு இருந்தாரோ. சாப்பிடுங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாப்பிட்டார்.

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒருநாள் காலை இவர் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் கெம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு மாதையன் வந்தார். இளைத்துப் போயிருந்தார். நான் தேய்ப்பதை நிறுத்தினேன்.

“ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணுமுங்க” என்றார். “அன்னிக்கு டாக்டரு ராசாவை விட்டுடலாமான்னு கேட்டாரில்லீங்களா. ஐயா சரின்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாருங்களா?”

இவர் கையில் சேணம் இருந்தது. இல்லை, டாக்டர் எப்படியும் ஊசி போட்டிருப்பார் என்று சொல்லிவிடுங்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு வார்த்தைதானே.

“விட்டிருப்பாரு” என்றார் இவர்.

மாதையன் தலையை ஆட்டினார். “ஊர்ல எல்லாரும், டாக்டரு விட்டிருக்கவே மாட்டாருன்னு எனக்குச் சமாதானம் சொல்றாங்க. எனக்குத் தெரியுமுங்க, நானும் பக்கத்துலதான நின்னேன். ஐயா என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம்னுதான் வந்தேன்.”

போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கெம்பியிடம் போனார். தோளில் கை வைத்தார். குளிருக்கு வளர்ந்திருந்த தடித்த முடி அவர் விரலோடு கொத்தாக வந்தது. அதைப் பார்த்துவிட்டு என் கையிலிருந்த தேய்ப்பானுக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

அன்றிலிருந்து கெம்பியை அவரே பார்த்துக்கொண்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அந்த வாரமே ஓசூர்ப் பக்கம் பிழைப்புத் தேடிப் போய்விட்டார். அப்புறம் நாங்கள் அவரைப் பார்க்கவே இல்லை. வந்தது அன்று ஒரு நாள்தான்.

அன்று வெகுநேரம் தேய்த்தார். குளிர்கால முடியெல்லாம் காலடியில் சிவப்பாகக் குவிந்தது. அடியிலிருந்து புது முடி தளிர் மாதிரி பளபளத்துக்கொண்டு வந்தது. வெயில் ஏறிவிட்டது, மலைக்குப் போக நேரமாகிவிட்டது. நேரம் தவறினால் பொறுக்காத இவர், அந்தக் கனத்த சேணத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். ஓரமாக இறக்கி வைக்கக்கூட இல்லை.

மாதையன் கடைசியாகத் துணியால் ஒரு தடவை துடைத்தார். முதுகில் மண் ஒட்டியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பி, சேணத்துக்காக இரண்டு கையையும் நீட்டினார்.

இவர் கொடுத்தார்.